தாழ்ப்பாள் துப்பாக்கி

மேசை இழுப்பறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. அட்டையில் என் கையெழுத்தில் ‘ப.வ.செ.’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருக்கும். பன்றி வரவு செலவு. கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தே முப்பத்தொரு வருஷத்தை ஓட்டியவன் நான். பால் கணக்கைக்கூட நோட்டுப் போடாமல் நம்பமாட்டேன். முதல் இரண்டு பக்கம் என் மூளை ஒழுங்காக வேலை செய்ததும், நாலாம் பக்கத்தில் அது கழன்று போனதும் நீல மையில் அப்படியே இருக்கிறது. வீட்டம்மா அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருப்பது மரியாதையால் அல்ல. விருந்தாளி வந்தால் வாசித்துக் காட்டத்தான்.

பேரையூர்ப் பக்கம் அப்பா விட்டுப்போன கரிசல் இரண்டரை ஏக்கர். வரப்பில் நின்று மேற்கே பார்த்தால் சாப்டூர் மலை நீலமாகப் படுத்திருக்கும். நான் மதுரை டவுனில் குடியிருக்கிறேன். ஊர்க்காரத் தம்பி ஒருவர் நிலத்தை வாரத்துக்குப் பார்க்கிறார். பருத்தி போட்டுப் பார்த்தோம், கட்டுப்படியாகவில்லை. மக்காச்சோளத்துக்கு மாறினோம். நாங்கள் மாறிய செய்தி மலைக்கு எப்படிப் போனதோ, இரண்டாம் வருஷமே பன்றிகள் இறங்கிவிட்டன. கதிர் பால் பிடிக்கிற பருவமாகப் பார்த்து வரும். தட்டையை நெஞ்சால் சாய்த்து, ஒரு கதிரில் நாலு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கி வைத்துக்கொண்டு பாதியில் கை கழுவப் போகிறவர்கள் உண்டே, அந்த ரகம். தின்றதைவிட மிதித்தது அதிகம்.

நோட்டின் முதல் பக்கம்: பத்து குவிண்டால் சேதம். 2024-25க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,225 ரூபாய். ஆக 22,250. அதில் பாதி என் பங்கு நஷ்டம், 11,125. இரண்டாம் பக்கம் பரிகாரங்கள்: சலூனிலிருந்து தலைமுடி மூன்று மூட்டை, அழுகின முட்டைக் கரைசல், வரப்போரம் கட்டப் பழைய சேலை 14 (வீட்டம்மாவைக் கேட்காமல் எடுத்தது 3, அதில் பட்டு 1). மூன்றாம் பக்கம் காலி. பட்டுச்சேலை விவகாரம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. நாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி: ‘ரைபிள்?’

அந்தக் கேள்விக்குறி பன்றியால் வந்ததில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். எட்டாவது படிக்கும்போது ஜிம் கார்பெட்டைத் தமிழில் வாசித்தேன். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்கு ஒரு ரிக்பி ரைபிளைப் பரிசாகக் கொடுத்தார்கள் என்று படித்த நாளிலிருந்து எனக்குள்ளே ஒரு பரிசளிப்பு விழா நடந்துகொண்டே இருக்கிறது. ஐம்பது வருஷமாகப் புலி வரவில்லை. பன்றி வந்தது, வந்ததை வைத்து நடத்திக்கொள்ள நினைத்தேன்.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் விட்டவன் அக்கா மகன். டெக்சாஸில் இருக்கிறான். அங்கேயும் காட்டுப்பன்றித் தொல்லை. 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் நிலக்காரர் சம்மதம் இருந்தால் பன்றி வேட்டைக்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பீரோவைத் திறந்து எடுத்துக் காட்டினான். கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, ஒல்லிக் குழல். “ரூகர் அமெரிக்கன் மாமா. பட்ஜெட் ரைபிள்தான். ஐந்நூறு டாலருக்குள்ள வந்துச்சு. ஆனா நூறு கஜத்துல மூணு குண்டும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள்ள விழும்.”

பட்ஜெட் என்ற சொல் தணிக்கைக்காரன் காதில் விழக்கூடாத நேரத்தில் விழுந்தது. அன்றிலிருந்து ராத்திரி பதினொன்றிலிருந்து இரண்டு வரை எனக்குப் பள்ளிக்கூடம். யாரோ தாடி வைத்த அமெரிக்கர்கள் செல்போனில் பாடம் எடுத்தார்கள். மலிவு ரைபிள் வாங்கலாமா கூடாதா என்பதில் அவர்களுக்குள் பட்டிமன்றம். வாங்கலாம் என்கிற அணி சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இரும்புக் குழாயை ஒரு அச்சின்மேல் வைத்து இயந்திரச் சுத்தியல்களால் அடித்தே உள்வரிகளோடு குழலை உருவாக்கிவிடுகிறார்கள். மனிதக் கை படுகிற வேலை குறைவு, அதனால் விலையும் குறைவு. காசை மிச்சம் பிடிப்பது கட்டையிலும் பாலீஷிலும்தான். வால்நட் மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக், கண்ணாடி மெருகுக்குப் பதில் சொரசொரப்பு. குண்டு போய் விழுகிற இடத்துக்கு மரத்தின் அழகு தெரியாது. கூடாது என்கிற அணியின் வாதம்: அழுத்திப் பிடித்தால் பிளாஸ்டிக் கட்டை வளைந்து குழலைத் தொட்டுவிடும், போல்ட்டை இழுத்தால் மணல் பட்ட ஷட்டர் மாதிரி கரகரக்கும், தோட்டாப் பெட்டியும் பிளாஸ்டிக். நடுவர் தீர்ப்பு அநேகமாக ‘வாங்கலாம்’ என்றே வரும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

போல்ட் என்றால் என்னவென்று டீக்கடையில் நண்பர்களுக்கு நான்தான் விளக்கினேன். கதவுத் தாழ்ப்பாள்தான், வேறொன்றுமில்லை. பிடியைத் தூக்கு, பின்னால் இழு, காலித் தோட்டா தெறிக்கும். முன்னால் தள்ளு, அடுத்தது குழலுக்குள் போகும். பிடியைத் தாழ்த்து, பூட்டிக்கொண்டது. 1841இல் பிரஷ்ய ராணுவம் டிரைஸேயின் ஊசித் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டதிலிருந்து அந்தத் தாழ்ப்பாளின் அடிப்படை மாறவேயில்லை என்று சொல்லிவிட்டு, டீ கிளாஸை வைத்துக் கையால் செய்தும் காட்டினேன். “பாத்ரூம் கதவுக்கு வாங்குறீங்களாண்ணே?” என்றார் டீ மாஸ்டர்.

இவ்வளவு ஞானத்தோடு ஒருநாள் டவுனில் உள்ள துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கம்பி போட்ட ஜன்னல், இரும்புக் கதவு, உள்ளே சாமி படத்துக்குக் கீழே வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர்.

“சொல்லுங்கண்ணே.”

“பட்ஜெட்ல ஒரு போல்ட் ஆக்சன் பாக்கலாம்னு. த்ரீ நாட் எய்ட்ல இருந்தா நல்லாருக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “லைசென்ஸ் இருக்கா?”

“இல்ல. இனிமேத்தான்.”

“அப்ப என்னத்தப் பாக்க வந்தீக?”

எழுபதைத் தாண்டிய அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டதிலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். அடுத்த பத்து நிமிஷத்தில் என் மூன்று மாத ராத்திரிப் படிப்பை வாழைத்தாரில் சீப்பு அறுப்பதுபோல் ஒவ்வொன்றாக அறுத்துக் கீழே வைத்தார். வெளிநாட்டுத் துப்பாக்கியை நம்மைப் போன்றவர்கள் இறக்குமதி செய்கிற வழி எண்பதுகளின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. ரூகர், சாவேஜ் மாதிரி அமெரிக்க ரைபிள்களெல்லாம் செல்போனில் பார்க்கத்தான். ராணுவமும் போலீசும் வைத்திருக்கிற அளவுகள் பொதுஜனத்துக்குத் தடை. த்ரீ நாட் எய்ட் என்று நான் ஸ்டைலாகக் கேட்டது ராணுவத்தின் 7.62க்குக் கூடப்பிறந்தது, அதைக் கடை வாசலில் நின்று சத்தமாகக் கேட்பது அவ்வளவு நல்லதில்லை.

“நம்ம நாட்டு பட்ஜெட் ரைபிள்னா ஒண்ணே ஒண்ணுதாண்ணே. த்ரீ ஒன் ஃபைவ்.”

கொல்கத்தா பக்கம் இச்சாப்பூரில் 1904இல் தொடங்கிய அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்வது. இதன் பிறப்பே ஒரு தடையால் வந்ததுதான். வெள்ளைக்கார ராணுவம் பாயிண்ட் 303 வைத்திருந்தது. அந்தத் தோட்டா ஊரார் கைக்குப் போய்விடக் கூடாது. அதனால் இங்கிலாந்து பி.எஸ்.ஏ. கம்பெனி, அதே லீ-என்ஃபீல்டு தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு, ஆஸ்திரியாவின் பழைய மான்லிக்கர் எட்டு மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ற குழலைப் பொருத்தி இந்தியச் சந்தைக்கு அனுப்பியது. வெள்ளைக்காரன் போனான். 303 தடை போகவில்லை. 315 இங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டது. மரக்கட்டைக்குள் அஞ்சு தோட்டா. விலையைக் கேட்டேன். கன்றோடு சேர்த்து ஒரு கறவை மாட்டுக்கு மேலே இருந்தது.

நோட்டில் பிறகு கணக்குப் போட்டேன். பன்றி இன்னும் பல போகம் தின்றால்தான் துப்பாக்கிக் காசு தேறும். அதாவது ரைபிளை நியாயப்படுத்த நான் பன்றிக்கு விருந்து வைக்க வேண்டும்.

ஆனால் கடையில் அன்றைக்கு என் ஆசை உடைந்தது விலையால் அல்ல. கூடாரத் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து, காலியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, மேசைமேல் வைத்துத் தாழ்ப்பாளைத் திறந்து காட்டினார். என் கை தானாக நீண்டது. இடது கை.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். “நொட்டாங்கையாண்ணே? இதுக்குத் தாழ்ப்பா வலதுபக்கம் மட்டுந்தேன்.”

இதை நான் மறந்துபோனேன் என்று சொன்னால் நம்புவீர்களா? 1982இல், கல்லூரி என்.சி.சி.யில், இருபத்தைந்து கஜத்தில், பாயிண்ட் 22 ரைபிளோடு குப்புறப் படுத்த அன்றே இது தெரிந்த விஷயம். இடது தோளில் கட்டையை வைத்தேன். வடக்கத்தி ஹவில்தார் ‘உல்டா, உல்டா’ என்று கத்தியபடி ஓடி வந்தார். இடது தோளில் வைத்தால் தாழ்ப்பாள் மூக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் விசையிலிருந்து கையை எடுத்து, துப்பாக்கியின் தலையைச் சுற்றி நீட்டி, தன் தலைக்கு மேலே எண்ணெய் தேய்ப்பதுபோல் இழுக்க வேண்டும். வலது தோளுக்கு மாற்றிப் படுக்கவைத்தார். வலது கண் எனக்கு அவ்வளவாகப் பேச்சுக் கேட்காது. ஐந்து குண்டு. குறி அட்டை அப்படியே கன்னி கழியாமல் திரும்பி வந்தது. ஹவில்தார் அதைக் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்து, வேறு ஏதாவது சர்டிபிகேட்டுக்குப் பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். இந்தி தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று. அமெரிக்காவில் அதே மலிவு ரைபிளில் இடக்கைக்காரர்களுக்கென்று தாழ்ப்பாளை இந்தப் பக்கம் வைத்தும் விற்கிறார்கள். இங்கே வலக்கைக்காரனுக்குக் கிடைப்பதே பெரிது.

கடையை விட்டு இறங்கும்போது பெரியவர் கேட்டார், “எதுக்குண்ணே கேக்குறீக, காட்டுக்கா?” பன்றி என்றேன். “அப்பச் சட்டத்தப் படிச்சுட்டு வாங்க. அதுல ஒங்களுக்குன்னே ஒண்ணு சொல்லியிருக்கு.”

படித்தேன். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவு. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் உள்ளே வரி இல்லாத, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கி. பயிரைக் காக்க என்றால், குழலின் வாய்வழியாகக் கரிமருந்தைப் போட்டு, துணியைத் திணித்து, ரவையைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற துப்பாக்கி. திருவிழாவில் நரிக்குறவர் தாத்தா தோளில் பார்த்திருப்போமே, அந்த வகை. இவற்றைக் கேட்பவனுக்குச் சட்டம் கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறது. ரைபிள் கேட்கிறவன் மட்டும் தனக்குத் தகுந்த காரணம் இருப்பதாக அதிகாரியைத் திருப்திப்படுத்த வேண்டும். நான் ராத்திரி கண்விழித்துப் படித்த சுத்தியல் அடித் தொழில்நுட்பம், எலுமிச்சம்பழ அளவு எல்லாம் போய், கடைசியில் என் தகுதிக்கு எழுதி வைத்திருப்பது ஒரு குண்டு சுட்டுவிட்டு அடுத்ததற்கு உலக்கை தேடுகிற துப்பாக்கி.

முதலில் கோபம் வந்தது. பிறகு சர்வே நம்பர் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன். சாதாரண பாயிண்ட் 22 குண்டே ஒன்றரை கிலோமீட்டர் போகும். 315 அதைத் தாண்டிப் போகும். என் நிலத்தை நடுவில் வைத்து ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டேன். அதற்குள்ளே இரண்டு ஊர், ஒரு காலனி, பஸ் ரோடு, ஒரு துவக்கப்பள்ளி, ஆட்டுக்கிடை, நூறு நாள் வேலைக்காரர்கள் தூர் எடுக்கிற ஓடை. மலையென்றால் குண்டை வாங்கிக்கொள்ள ஒரு மேடு இருக்கும். எங்கள் பொட்டலில் தவறிப்போன குண்டுக்கு அடுத்த ஊர்தான் மேடு. ரவையென்றால் கொஞ்ச தூரத்தில் சோர்ந்து விழுந்துவிடும். 1959இல் டெல்லியில் உட்கார்ந்து அந்தப் பிரிவை எழுதியவர் பேரையூரைப் பார்த்திருக்கமாட்டார்; ஆனால் என் போன்ற ஆளைப் பார்த்திருப்பார்.

இதோடு விட்டிருக்கலாம். விடாமல் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். நிலம் கிராமத்தில், குடியிருப்பு நகரத்துக்குள். நீங்கள் போலீஸ் கமிஷனர் ஆபீசில் கேட்க வேண்டும் என்றார்கள், தன்மையாக. தணிக்கைக்காரன் அதிகார எல்லையைப் பார்க்காமல் போய் நின்றது அவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் அவமானம். வெளியே வந்தால் உச்சி வெயில். பக்கத்திலேயே காந்தி மியூசியம். நிழலுக்கு ஒதுங்கினேன்.

ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை அது. 1959 ஏப்ரலில் நேரு வந்து திறந்து வைத்தார். அதே வருஷக் கடைசியில்தான் பாராளுமன்றத்தில் ஆயுதச் சட்டம் நிறைவேறியது. கையில் துப்பாக்கி விண்ணப்பத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, கிழவர் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணிக்கு முன்னால் போய் நின்றேன். ஜெராக்ஸை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் மடித்தேன்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தக் கிழவரே 1918இல் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கப் போனபோது, இந்தியர் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்த சட்டத்தை வெள்ளையராட்சியின் மிகக் கேவலமான காரியங்களில் ஒன்றாகத் திட்டியிருக்கிறார். அவர் திட்டியது லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த சட்டம். எங்கள் தென்சீமைக்கு அதற்கும் எழுபத்தேழு வருஷம் முன்பே அந்தப் பாக்கியம் கிடைத்துவிட்டது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பரில், பாளையங்களில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி சர்க்கார் பிரகடனம் போட்டது. இதையெல்லாம் அன்று சாயங்காலம் டீக்கடையில் சொன்னேன். என் விண்ணப்பம் இருநூற்றிருபது வருஷத்து உரிமைப் போர் என்கிற மாதிரி. “பன்னிக்குத்தானண்ணே?” என்றார் டீ மாஸ்டர்.

உசிலம்பட்டிப் பக்கம் பெரியப்பா மகன் ஒருவரிடம் தாத்தா காலத்து ரெட்டைக்குழல் உண்டு. அவரிடம் யோசனை கேட்டேன். “வாங்காதடா. பார்லிமெண்ட் எலக்‌ஷனா, கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படை. அசெம்ப்ளியா, ஒப்படை. ரசீத பத்திரமா வையி. லைசென்ஸ் புதுப்பிக்கணும், பூட்டி வைக்கணும், எண்ணெய் போடணும். அது என்னையப் பாத்துக்கிட்டதில்ல, நாந்தான் அதப் பாத்துக்கிறேன்.” சுட்டிருக்கிறீர்களா என்றேன். “ஒரு தடவை. தீபாவளிக்கு. அப்பா அடிச்சாரு.”

லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு மேற்படாத குழல் துளையும் இருபது ஜூலுக்கு மேற்படாத வேகசக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கினேன். இதற்குத் தாழ்ப்பாளே கிடையாது. குழலையே முழங்காலை மடக்குகிற மாதிரி மடக்க வேண்டும். எந்தக் கையாலும் மடக்கலாம். அதைக்கொண்டு ஒரு குருவியைச் சுட்டாலும் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்பதால், மொட்டை மாடியில் செங்கல்மேல் தேங்காய்ச் சிரட்டை வைத்துப் பயிற்சி. முதல் நாள் சிரட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. சிரட்டைக்கு மூன்றடி வலப்பக்கம், கொஞ்சம் உயரத்தில், எங்கள் வீட்டு சோலார் வாட்டர் ஹீட்டர். நல்ல வெயில் நேரம். ஒரு கண்ணாடிக் குழாய் போனால் தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்த வழியாக வந்துவிடும் என்பதை அன்று நேரில் கற்றேன், வெந்நீராகக் கற்றேன். கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டம்மா மேலே வந்து, நனைந்து நிற்கிற என்னையும் துப்பாக்கியையும் சிரட்டையையும் பார்த்துவிட்டு, “என்னங்க, பன்னி செத்துருச்சா?” என்றாள்.

ஐந்தாம் பக்கத்தில் அந்தக் குழாயின் விலை எழுதியிருக்கிறது. மையல்ல, பென்சில்; அழிக்கலாம் என்ற நம்பிக்கையில்.

2025 ஜனவரியில் வாரத்துக்காரத் தம்பி போனில் குதித்தார். காட்டுப்பன்றியைச் சுட அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டதாம். நானும் குதித்தேன். பிறகு முழுதாகப் படித்தோம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டிலேயே விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்தால்தான் சுடலாம். அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். சாப்டூர்க் காடு 2021லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. என் நிலம் அதன் எல்லையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். என் சோளத்தில் நிற்கிறவரை அது பிடித்துக் கொண்டுபோய் விடவேண்டிய பன்றி. இன்னும் அரைக் கிலோமீட்டர் கிழக்கே நடந்தால்தான் சுடத்தக்க பன்றி. கிழக்கே இருக்கிறவர் உளுந்து போட்டிருந்தார். அதற்கு உளுந்து பிடிக்காது.

சரி, துப்பாக்கி இல்லாமலாவது ஒரு வேட்டைக்காரனாக ஒருநாள் இருந்து பார்ப்போம் என்று மார்கழியில் பரண் காவலுக்குப் போனேன். மக்காச்சோளம் ஆள் உயரம். நாலு கால் நட்டு, மேலே தென்னந்தட்டி போட்ட பரண். தம்பி என்னை மேலே ஏற்றிவிட்டு, டார்ச்சும் ஒரு தகர டின்னும் கொடுத்துவிட்டுப் போனார். நான் கூடவே என் குடையையும் கொண்டுபோயிருந்தேன். பனிக்கு என்று வீட்டில் சொன்னது. உண்மையில் அதன் நீளம் ஏறக்குறைய 315இன் குழல் அளவு.

பத்தரை மணி. சில்லென்ற கரிசல் வாடை. தூரத்தில் கிடையில் நாய் இரண்டு தரம் குரைத்து ஓய்ந்தது. திடீரென்று தெற்கு மூலையில் சோளத்தட்டை சரசரத்தது. நின்றது. மறுபடி சரசரத்தது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குடையை எடுத்து இடது தோளில் வைத்தேன். சத்தம் வந்த இடத்தை அளந்தேன். மூச்சை நிறுத்தினேன். வாய்க்குள்ளேயே “டுமீல்” என்றேன். இடது கையை மூக்குக்கு அந்தப் பக்கம் நீட்டித் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளினேன். மறுபடி சரசரப்பு, பக்கத்தில். இரண்டாவது “டுமீல்”. இது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது.

“அண்ணே, நாந்தேன். சுக்குக் காப்பி கொண்டாந்தேன்.”

தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இடுப்பளவு இருட்டில், ஒரு தூக்குவாளியோடு நின்றார். நான் குடையை மெதுவாகக் கீழே வைத்தேன். இரண்டு குண்டு. முதல் குண்டு போன இடம் எனக்கு நன்றாகத் தெரியும். என் வாழ்க்கையிலேயே ஒழுங்காகக் குறிவைத்த குண்டு அது ஒன்றுதான். காப்பி கைகளில் தளும்பியது. “குளுருதாண்ணே?” என்றார். ஆமாம் என்றேன்.

அவர் போன பிறகு வெகுநேரம் விழித்தே இருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டபோது கண் திறந்தது. கீழே தம்பியின் அம்மா, கையில் தகர டின்.

“எந்திரிங்கய்யா. பன்னி வந்துட்டுப் போயிருச்சு.”

வடக்குப் பக்கம் ஏழெட்டுச் சால் தரைமட்டம். எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் தம்பி பரணைச் சுற்றி வந்து தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். குளம்புத் தடங்கள் பரணை நோக்கி வந்து, ஒரு இடத்தில் மொத்தமாக நின்று, அப்படியே திரும்பியிருந்தன. பரணைச் சுற்றி முப்பதடிக்கு ஒரு தட்டைகூடச் சாயவில்லை.

“அண்ணே, ராத்திரி ஒரு சத்தம் வந்துச்சுண்ணே. நானே ரைஸ்மில்லு மோட்டார யாரோ போட்டாகன்னு நெனச்சேன். ஒங்க கொறட்டை.”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தம்பி சிரிக்கவில்லை, விவசாயி, வழி கிடைத்தால் விடமாட்டார். மறுவாரம் மதுரைக்கே வந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணயர்ந்த நேரத்தில், வீட்டம்மாவின் முழு ஒத்துழைப்போடு செல்போனில் அதைப் பதிவு செய்துகொண்டு போனார். கடைகளில் நாய் குரைப்பும் ஆள் அதட்டலும் பதிந்து விற்கிற பேட்டரி ஒலிபெருக்கி இருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கி, நாயை எடுத்துவிட்டு என்னைப் போட்டுவிட்டார். அந்தப் போகம் மிச்சக் கதிரெல்லாம் வீடு வந்து சேர்ந்தது. ராத்திரி பஸ்ஸில் அந்தப் பக்கம் போகிறவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நான் யோசிப்பதில்லை. நோட்டின் ஆறாம் பக்கத்தில் எழுதினேன்: ‘குறட்டை. செலவு இல்லை.’ அதற்குக் கீழே வீட்டம்மா தன் கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள்: ‘முப்பத்திரண்டு வருஷமாக என் செலவு.’

துப்பாக்கி விண்ணப்பம் இன்னும் நாலாக மடித்தபடி நோட்டுக்குள் இருக்கிறது. அதில் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டிய இடத்தில், உடல்நலம் மட்டுமல்லாமல் மனநலமும் என்று இருப்பதைப் பார்த்ததோடு பேனாவை மூடியவன்தான். அக்கா மகன் மாதம் ஒருமுறை கேட்கிறான், “மாமா, வாங்கிட்டீங்களா?” பரிசீலனையில் இருக்கிறது என்கிறேன்.

போன வாரம் ஊரிலிருந்து போன். இந்த வருஷக் கதிர் பால் பிடிக்கத் தொடங்கிவிட்டது.

“அண்ணே, பன்னிக்குப் பழகிப் போச்சுண்ணே. ஸ்பீக்கருக்குக் கீழயே படுத்துத் தூங்கிட்டுப் போகுது. புதுசா ஒண்ணு பதிஞ்சு அனுப்புங்க. சளி புடிச்ச மாதிரி இருந்தா நல்லது.”